படத்தை மூடிவிட்டு வெங்காயத்தை உரியுங்கள்

உயிரணுவைப் பற்றிச் சென்ற முறை பேசிய பிறகு வந்து சேர்ந்த கேள்விகளை ஒருசேரப் படித்துப் பார்த்தேன். அலசூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் எழுதியிருக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகக் கவலையோடு எழுதியிருக்கும் பெற்றோரும், பாடப்புத்தகத்தில் தாவர உயிரணு, விலங்கு உயிரணு என்று அச்சிட்டிருக்கும் இரண்டு படங்களின் பாகங்களை எப்படி மறவாமல் மனத்தில் நிறுத்துவது என்பதையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். சென்ற முறை சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: படத்தை உருப்போடாதீர்கள். எந்த உயிரணுவைப் பற்றிப் படித்தாலும், இது என்ன தொழில் செய்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் படத்தில் உள்ளபடியே ஓர் உயிரணுவை நீங்கள் எங்கு தேடினாலும் காணமாட்டீர்கள். சகல பாகங்களையும் ஒரே இடத்தில் காட்டவேண்டும் என்ற சௌகரியத்துக்காக வரையப்பட்டது அது. பி.யூ.சி. முதலாண்டு படிக்கும் ஒரு பெண், வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது பசுங்கணிகம் ஒன்றுகூடத் தென்படவில்லையே, பரிசோதனையைத் தவறாகச் செய்துவிட்டேனோ என்று மிகுந்த வருத்தத்தோடு கேட்டிருக்கிறாள். இல்லை அம்மா, நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய். மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் கிடந்து உணவைச் சேமித்து வைப்பதே அந்த அணுக்களின் தொழிலாக இருக்க, ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்யும் பசுங்கணிகத்துக்கு அங்கே என்ன அவசியம்? அதே செடியின் வெங்காயத்தாளைப் பார், பச்சைப் பசேலென்று நிறைந்திருக்கும்.

இனி, நான் எத்தனை முறை சொன்னாலும் தவறிப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பங்கு பிரித்து எழுதாதீர்கள். தாவர அணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பசுங்கணிகம் சர்க்கரையை ஆக்கிவிட்டால் போதுமா? அந்தச் சர்க்கரையைச் சிதைத்து, அணு தன் வேலைக்குப் பயன்படுத்தும் சக்தியாக மாற்றவேண்டாமா? அதுதான் மைட்டோகாண்ட்ரியாவின் தொழில். இரவில் இலையும் சுவாசிக்கிறது, மண்ணுக்குள் வேரும் சுவாசிக்கிறது. ஆகையால் மறுபடியும் சொல்கிறேன்: தாவர அணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு.

கண்ணால் பிரத்தியட்சமாகக் காண்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். சிக்கபள்ளாபுரம், கோலார்ப் பக்கத்து வயல்களில் விளைகிற, 2015-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பெங்களூர் ரோஸ் வெங்காயத்தை வாங்கி, அதன் சதைப்பற்றுள்ள ஓர் அடுக்கின் வெளிப்புறத்திலிருந்து நிறமேறிய மெல்லிய தோலை இடுக்கியால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் விரித்து, மூடுவில்லையால் மூடிப் பாருங்கள். செங்கல் அடுக்கினாற்போல் அணுக்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பல இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் அணு முழுவதிலும் இல்லை. நடுவில் பெரிதாக விரிந்திருக்கும் நுண்குமிழியின் சாற்றில்தான் கரைந்திருக்கிறது. பிறகு மூடுவில்லையின் ஒரு விளிம்பில் நல்ல உப்புக்கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் மைஒற்றுத்தாளை வைத்து நீரை உறிஞ்சச் செய்யுங்கள். சில நிமிஷங்களில் சிவப்பு மெல்லச் சுருங்கி அணுவின் சுவரை விட்டு விலகி உள்ளே ஒதுங்கும். சுவரோ தன் இடத்திலேயே அசையாது நிற்கும். சாதாரண நுண்ணோக்கியில் தனித்துத் தெரியாத அளவுக்கு மெல்லியதான செல் சவ்வு எங்கே இருக்கிறது என்பதையும், அது சுவரினின்று வேறானது என்பதையும், நீரை வெளியே விட்டு நிறத்தைத் தன்னுள்ளே நிறுத்திக்கொள்ளும் விவேகம் அதற்கு உண்டு என்பதையும் இந்த ஒரு காட்சியே போதிக்கும். தாமதிக்காமல் நல்ல நீரை விட்டால் அணு மீண்டும் விரிவதையும் காணலாம். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு வெளியிட்டவை உயிர் நீங்கிய வெறும் சுவர்கள். நீங்கள் காண்பதோ உயிருள்ள அணு.

மற்ற சந்தேகங்களுக்குச் சுருக்கமாகவே விடை சொல்கிறேன். வைரஸ் உயிரணுவா? அன்று. கோழிமுட்டை ஒரே அணுவா? கருவுறாத முட்டையின் மஞ்சள் கரு ஒரே அணு. வெள்ளையும் ஓடும் பின்னர் வந்து சேர்ந்தவை. தயிரிலுள்ள பாக்டீரியாவுக்கு உட்கரு உண்டா? சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. ஆனால் மரபுப் பொருளும் ரைபோசோமும் உண்டு. உட்கரு இல்லாத நம் சிவப்பணு எப்படி அணுவாகும் என்று ஓர் அன்பர் விவாதமே செய்திருக்கிறார். ஐயா, அது முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் துறந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டு, ஏறக்குறைய 120 நாள் உழைத்து முடிகிறது. இங்கும் தொழிலைக் கேட்டால் வடிவம் விளங்குகிறது அல்லவா?

நம் பெங்களூரிலேயே, பல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. அதை நிறுவிய ஒபைத் சித்திகி, 1970-களில் சீமோர் பென்சரோடு சேர்ந்து, வெப்பம் ஏறினால் முடங்கி விழுந்து வெப்பம் தணிந்தால் எழுந்துவிடும் பழ ஈக்களை எடுத்துக்கொண்டு, நரம்பணு மின் துடிப்பைக் கடத்தும் தொழில் எங்கே தடைபடுகிறது என்று ஆராய்ந்தவர். பெரிய விஞ்ஞானமும் என்ன தொழில் என்ற இந்தக் கேள்வியிலிருந்தே வளர்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இதே நகரத்திலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகமும் பொதுமக்களுக்காக ஆண்டுக்கொருமுறை வாயிலைத் திறக்கிறது. அந்நாளில் பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நான் வகுப்பெடுத்த காலத்தில், அச்சில் வார்த்தாற்போல் உயிரணுவை வரைந்து எல்லாப் பாகங்களுக்கும் பெயர் எழுதிய ஒரு மாணவனிடம், இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா ஏன் அவ்வளவு மிகுதி என்று கேட்டபோது, அவன் திகைத்து நின்றான். இதயம் ஓய்வின்றித் துடிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றாதது அவன் குற்றமன்று, அப்படிக் கேட்க அவனுக்கு யாரும் பழக்கவில்லை. ஆகவே, படம் அழகாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், இந்த அணு என்ன வேலை செய்கிறது என்று உங்கள் குழந்தையைக் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். உப்புநீர்ப் பரிசோதனையைச் செய்தவர்கள் கண்டதைக் கண்டபடியே எழுதி அனுப்புங்கள். அடுத்த உரையை அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.