தொடக் கூடாது என்றவர் யார்?



நம் இளைஞர்களுள் கதை எழுதும் ஆர்வம் மிகுந்தோர் பலர். அவர்களுக்காகவே இச்சிறு உரை.

‘தொடக் கூடாத ஆற்றலைத் தொட்டான்; அழிந்தான்’ என்பது உலகெங்கும் வழங்கும் கதைப்பொருள். இதனைக் கையாளுமுன் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: தொடக் கூடாது என்று விதித்தவர் யார்?

இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் வரும் சம்பூகனை நினைத்துப் பாருங்கள். சூத்திரனாகிய அவன் தவம் இயற்றினான். அதனால் அந்தணச் சிறுவன் ஒருவன் மாண்டான் என்பது குற்றச்சாட்டு. இராமனின் வாள் சம்பூகனின் தலையை வீழ்த்தியது. சிறுவன் உயிர்த்தெழுந்தான் என்று கதை முடிகிறது. முனிவர் செய்தால் புண்ணியமான தவம், அவன் செய்தபோது உலகுக்கு ஆபத்தாயிற்று! இக்கதையைக் கன்னடக் கவிஞர் குவெம்பு 1944இல் ‘சூத்ர தபஸ்வி’ என்னும் நாடகமாக்கினார். அதில் இராமனின் அம்பு தவசியை வணங்கி, குற்றஞ்சாட்டியவரை நோக்கித் திரும்புகிறது. கதைப்பொருள் அதுவே, நீதி மாறிவிட்டது.

இனி, ஆங்கில நாவல் ஒன்றைக் காண்போம். மேரி ஷெல்லி 1816இல், தம் 18ஆம் வயதில் எழுதத் தொடங்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் உயிரற்ற உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்துக்கு உயிரூட்டுகிறான். அது கண் விழித்ததும் அதன் தோற்றத்தை அருவருத்து ஓடிவிடுகிறான். அதற்கு ஒரு பெயர்கூட இடப்படவில்லை. ஒரு குடிலின் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, உள்ளே பிறருக்குக் கற்பித்த பாடத்தைக் கேட்டே அது மொழியைக் கற்கிறது. பார்வையற்ற முதியவர் அதனிடம் பரிவுடன் பேசுகிறார். பார்வையுள்ள மகனோ கோலால் அடித்து விரட்டுகிறான். அதன்பின் அதன் வஞ்சம் முற்றுகிறது. அது செய்த கொலைகளை ஆசிரியை நியாயப்படுத்தவில்லை. அவற்றின் காரணத்தை மறைக்கவும் இல்லை.

சுவருக்கு வெளியே நின்று பாடம் கேட்ட வரலாறு நமக்குப் புதிதன்று. ஆதலால் இந்நாவலின் உட்பொருளை நாம் எளிதில் உணர்வோம். விக்டரின் பெருங்குற்றம், தான் படைத்ததைக் கைவிட்டதே.

இளைஞர்களே! அணுவாயினும் மந்திரமாயினும், ஆபத்தை ஆபத்தென்றே எழுதுங்கள். ஆனால் அறிய விரும்பியதற்காக மட்டும் எவரையும் தண்டியாதீர்கள். ஆற்றலைக் கையாண்டவன் பொறுப்பேற்றானா, அதன் விலையை யார் கொடுத்தார் என்பதைக் காட்டுங்கள். நமக்கு எழுத்தையே ஆபத்தென்று விலக்கி வைத்த காலம் ஒன்றிருந்தது. அந்த எழுத்து இன்று உங்கள் கையில் உள்ளது. அதனைப் பொறுப்புடன் ஆளுங்கள்.