சேற்று மண்ணில் ஒரு சுரங்க ரயில்

இந்திய மண்ணில் சுரங்க ரயில் முதன்முதலாக ஓடிய நாள் 1984 அக்டோபர் 24. ஓடிய ஊர் கொல்கத்தா. எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர், ஐந்தே நிலையங்கள். டில்லி மெட்ரோ பிறந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

கொல்கத்தாவின் கனவு 1984ஐவிடப் பழையது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் விடும் யோசனை வெள்ளையர் காலத்திலேயே எழுந்தது. 1921இல் ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற பொறியாளர் அதற்கு அறிக்கை எழுதினார். அது கிடப்பில் போனது. விடுதலைக்குப் பின் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு வல்லுநர்களை வரவழைத்து ஆராயச் சொன்னார். அதுவும் ஏட்டோடு நின்றது. 1971இல்தான் ஒரு முழுத் திட்டம் உருவாயிற்று. வடக்கு தெற்காக டம்டம் – டாலிகஞ்ச், சால்ட் லேக்கில் புறப்பட்டு ஆற்றைக் கடக்கும் கிழக்கு மேற்குத் தடம், தட்சிணேசுவரம் – தாகூர்புகூர் என மூன்று தடங்களை அது வகுத்தது. நெரிசல் மிகுந்த முதல் தடத்துக்கு 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

16.45 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரு தடம் முடிய 1995 செப்டம்பர் ஆயிற்று. ஏன் அத்தனை காலம்? பணம் வேண்டிய நேரத்தில் வரவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மண். கங்கை கொண்டுவந்து குவித்த வண்டலின் மேல் நிற்கும் நகரம் அது. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும், களிமண் சரியும். ஆகவே தெருவின் இரு ஓரமும் ஆழமான கான்கிரீட் சுவர்களை இறக்கி, நடுவே மண்ணை வாரி, சுரங்கத்தைக் கட்டி, மேலே மூடித் தெருவைத் திரும்பப் போட்டார்கள். இந்த வேலைக்கு முன்பு குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஏற்கெனவே நெரிந்து கிடந்த ஊர், பிளந்த தெருக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. அந்தப் பொறுமையைச் சொல்லாமல் கொல்கத்தா மெட்ரோவின் வரலாற்றைச் சொல்ல முடியாது. பெல்காச்சியா – ஷியாம்பஜார் இடையே மட்டும் மேலே ரயில் யார்டும் கால்வாயும் குறுக்கிட்டதால், மேலிருந்து வெட்டாமல் பூமிக்குள்ளேயே குடைந்து போனார்கள்.

அந்தத் தடத்தில் ஓடிய பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானவை. நாட்டில் முன்மாதிரியே இல்லாத ஒரு வண்டியை அந்தத் தொழிலாளர்கள் செய்து கொடுத்தார்கள். தமிழகம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க பங்கு அது.

பிறகு 14 ஆண்டுகள் ஓர் அடி கூட நீளவில்லை. 2009இல் தடம் தெற்கே கரியா நோக்கி மேம்பாலமாக நீண்டது. அதன் தூண்கள் ஆதிகங்கை என்னும் பழைய கங்கைப் படுகையிலேயே ஊன்றப்பட்டன. ஏற்கெனவே நலிந்திருந்த நீரோட்டத்தின் மேல் ஏற்றிய சுமை அது. நதிக்குச் செய்த தீங்கு என்றே கொள்ள வேண்டும். வடக்கே 2021இல் ரயில் தட்சிணேசுவரம் காளி கோயில் வரை போய்ச் சேர்ந்தது. இன்று இது நீலத் தடம். 2022 இறுதியில் ஜோக்காவிலிருந்து ஊதாத் தடமும், 2024இல் ஆரஞ்சுத் தடமும், 2025இல் விமான நிலையத்துக்கு மஞ்சள் தடமும் தொடங்கின.

கிழக்கு மேற்காக ஓடும் பச்சைத் தடம்தான் பழைய ஆற்றுக் கனவின் பிள்ளை. 2017இல் சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் ஹூக்ளியின் அடியில் குடைந்து மறுகரை சேர்ந்தன. நீருக்குக் கீழே போகும் நீளம் ஏறத்தாழ 520 மீட்டர். ரயில் அதைக் கடக்க முக்கால் நிமிடம் போதும். ஆற்றைத் தாண்டிய வேலைக்கு இடர் வந்தது நிலத்தில். 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜாரில் இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கத்தை உடைத்தது. நீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே பழைய வீடுகள் விரிசல் கண்டு சரிந்தன. குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியேறின. 2022இலும் அதே இடத்தில் சுவர்கள் பிளந்தன. பழைய நகரின் அடியில் மண்ணை இன்னும் கூர்ந்து ஆராய்ந்திருக்க வேண்டும். அந்தக் குறையின் விலையைக் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்.

ஆற்றடிப் பகுதியில் 2024 மார்ச்சில் பயணிகள் ஏறினர். பவ்பஜார் துண்டும் முடிந்து, ஹவுரா மைதானம் முதல் சால்ட் லேக் செக்டர் ஐந்து வரை 16.6 கிலோமீட்டரும் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒன்றாயின. ஹவுரா, சியால்டா என்னும் இரு பெரும் ரயில் முனையங்களும் அன்றுதான் மெட்ரோவால் இணைந்தன.