பள்ளி ஆய்வுக்கூடம் ஊரார் சொத்து

(செய்யூரில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், ஏரி மராமத்து இவற்றைப் பற்றியே நாம் வழக்கமாக உங்களிடம் பேசுவோம். இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “அது பள்ளிக்கூடத்தாரின் காரியமாயிற்றே, ஊராட்சிக்கு அதில் என்ன வேலை?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடலோரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கட்டட வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனச் செய்முறைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுத்து, அது இன்ன உப்பு என்று கண்டறியச் செய்வது அப்பயிற்சி. ஐந்து பேருக்கு ஐந்து விதமான உப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஐவரும் தத்தம் உப்பைக் ‘குளோரைடு’ என்றே எழுதியிருந்தனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டதாகக் கருதிய ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொண்டார். ஒரு மாணவி, “ஐயா, எனக்கு வெள்ளையாகத்தான் வந்தது” என்று சொல்லிக் கண் கலங்கி நின்றாள். கல்லூரியில் இரசாயனம் பயின்றவர்களாயினும், நமக்கும் காரணம் தோன்றவில்லை.

அங்கிருந்த உதவியாளர்தாம் ஒரு காரியம் செய்தார். உப்பு ஏதும் இடாமல் வெறுந் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, அதில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலமும், பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலும் விட்டார். தண்ணீர் பால்போல் வெளுத்தது! காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனபடியால், பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டே அன்று கரைசல்கள் செய்திருக்கின்றனர். கிணறோ உப்புக் கரிக்கும் கிணறு. பிள்ளைகள் கண்டது உண்மை. குற்றம் தண்ணீரில் இருந்தது. அதே தண்ணீர் பொதுத்தேர்வு நாளன்றும் வைக்கப்பட்டிருந்தால், ஒரு வருட உழைப்புக்கு உரிய மதிப்பெண்ணை அக்குழந்தைகள் இழந்திருப்பார்கள்.

ஆகவே, ஆய்வுக்கூடத்தின் உயிர் அதனைப் பேணுகின்ற உதவியாளரின் கையில் இருக்கிறது. அவருக்கு வேண்டிய தண்ணீரும் மணலும் காற்றோட்டமும் ஊரார் கையில் இருக்கின்றன. இரண்டு கைகளும் சேர வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

முதற்காரியம் தண்ணீர்

நமது பகுதியின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். கிழக்கே கடல், அதனையடுத்து உப்பங்கழி, செய்யூரைச் சுற்றி உப்பளங்கள். கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். இதனை உழவர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலால் உதவியாளர்கள் ஒரு வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செய்முறை நாளிலும், மாணவர்கள் வருமுன், பயன்படுத்தப் போகும் தண்ணீரை வெள்ளி நைட்ரேட்டாலும் பேரியம் குளோரைடாலும் சோதித்துப் பாருங்கள். முன்னது குளோரைடையும் பின்னது சல்பேட்டையும் காட்டிக்கொடுக்கும். இரண்டிலும் கலங்காத தண்ணீரே கரைசலுக்கு ஏற்றது. சுத்திகரிப்பு இயந்திரத்தின் தண்ணீர் குடிப்பதற்கு நன்று. எனினும் அதில் சிறிதளவு உப்பு எஞ்சியிருக்குமாதலின், அதையும் சோதித்த பின்னரே எடுங்கள்.

காய்ச்சி வடித்த நீர் எப்போதும் கைவசம் இருப்பதற்கு எளிய வழியொன்று உண்டு. ஆழமில்லாத தொட்டியொன்றின் உட்புறத்தைக் கறுப்பாக்கி, மேலே சாய்வாகக் கண்ணாடி பதித்து, காற்றுப் புகாமல் மூடி வெயிலில் வையுங்கள். உள்ளிருக்கும் உப்புநீர் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, சரிவில் வழிந்து, ஓரத்துக் காடியில் சேரும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி, நல்ல வெயில் நாளில், ஏறக்குறைய 2 முதல் 4 லிட்டர் வரை கொடுக்கும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய தொட்டியொன்றைச் செய்துகொடுப்பது ஊராட்சிக்குப் பெரிய செலவன்று.

2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டுப் பின்னர் பிடிக்கும் நீர், ஆய்வுக்கூடத்தில் பாத்திரங்களைக் கழுவ மிகவும் ஏற்றது. கடற்காற்றின் உப்பு மழையிலும் சிறிது கலந்திருக்குமாதலால், கரைசலுக்கு மட்டும் சோதிக்காமல் எடுத்தலாகாது.

கடற்காற்றும் கருவிகளும்

இப்பகுதியில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும், பித்தளை களிம்பேறும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். இதனோடு அமிலப் புகையும் சேர்ந்தால் கருவிகளின் ஆயுள் பாதியாகிவிடும். ஆகவே அமிலப் புட்டிகளையும் தராசு, காந்தம், மின்கருவிகள் ஆகியவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கலாகாது. கூடுமாயின் ஒரே அறையிலும் வைத்தல் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டின் ஆவியும் கூடி வெண்புகையாகி, கண்ணாடிப் பொருள்களின்மேல் படியும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நுண்ணோக்கியின் வில்லைகளில் பூஞ்சணம் பூத்துவிடும். நுண்ணோக்கியைப் பெட்டியில் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைச் சிறு துணிப்பையில் கட்டி உள்ளே வையுங்கள். மணிகளின் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தினால் மீண்டும் உதவும். சட்டக் காந்தங்களை இரண்டிரண்டாக, எதிர்த்துருவங்கள் அருகருகே அமையுமாறு வைத்து, முனைகளில் தேனிரும்புத் துண்டுகளை ஒட்டவைத்தால் காந்தத் தன்மை குன்றாது.

அமிலத்தைக் கையாளும் முறை

அடர்ந்த கந்தக அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. ஊற்றினால் மேலே விழுந்த நீர் அக்கணமே கொதித்து, அமிலத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர்த்துளி பட்டால் என்ன நேரும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதனை நினைவில் வைத்துக்கொண்டால் இவ்விதி மறவாது.

அமிலப் புட்டிகளைத் தோளுக்கு மேற்பட்ட தட்டில் வைக்காதீர்கள். கோடையில் அம்மோனியாப் புட்டியைத் திறக்குமுன், சிறிது நேரம் குளிர்ந்த நீரில் நிறுத்திவையுங்கள். இல்லையேல் உள்ளே அடைபட்ட வாயு பீறிட்டு வரும். காஸ்டிக் சோடாக் கரைசலைக் கண்ணாடி மூடியுள்ள புட்டியில் வைத்தால் மூடி இறுகிவிடும். ரப்பர் அடைப்பானோ பிளாஸ்டிக் புட்டியோ ஏற்றது. வெள்ளி நைட்ரேட்டும் பெர்மாங்கனேட்டும் ஒளிபடாத பழுப்புநிறப் புட்டியில் இருத்தல் வேண்டும். பெரஸ் சல்பேட்டுக் கரைசலைச் சிறிது நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து அன்றன்றே செய்துகொள்ளுங்கள்.

சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கியே வைத்திருங்கள். அது தீப்பற்றினால் தண்ணீரை அண்டவிடாமல், உலர்ந்த மணலைக் கொட்டி அணைக்க வேண்டும். உப்பேறிய ஈரமணல் இதற்கு உதவாது; உலர்த்திய மணலை வாளியில் நிரப்பி மூடிவையுங்கள். கண்ணிலோ தோலிலோ அமிலம் பட்டால், களிம்பையும் எண்ணெயையும் தேடி ஓடாமல், உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமேனும் இடைவிடாமல் கழுவி, பின்னர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழாயில் தண்ணீர் வராத ஆய்வுக்கூடத்தில் அன்று அமிலத்தைத் திறத்தலே கூடாது.

ஒவ்வொரு புட்டியிலும் பெயரும் கரைசல் செய்த தேதியும் எழுதி ஒட்டி, எழுத்து அழியாதிருக்க மெழுகு தடவிவிடுங்கள். குளிர்பானப் புட்டியில் எந்த இரசாயனத்தையும் ஊற்றிவைக்காதீர்கள். இது உழவர்களுக்கும் உரிய பாடம். பூச்சிமருந்தை அத்தகைய புட்டியில் ஊற்றி வீட்டு மாடத்தில் வைப்பதனால் வரும் விபரீதத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கழிவுநீரை அப்படியே வாய்க்காலில் விடுவதும் தவறு. அமிலக் கழிவைச் சுண்ணாம்பு சேர்த்து அடக்கிய பின்னரே வெளியேற்ற வேண்டும். ஈயம், பாதரசம் கலந்தவற்றைத் தனியே மூடிய கலத்தில் சேர்த்துவைத்து, முறைப்படி அகற்ற ஏற்பாடு செய்தல் வேண்டும். அவ்வாய்க்கால் போய்ச் சேர்வது நம் குளத்திலும் வயலிலும் அன்றோ?

ஊராட்சியின் கடமை

நிற்க, உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைய கூட்டத்தில் பள்ளி ஆய்வுக்கூடத்தின் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா? மணல் வாளி உண்டா? சன்னல்கள் திறக்கின்றனவா? எரிவாயு உருளை கட்டடத்துக்கு வெளியே இருக்கிறதா? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி விபத்துகளைத் தடுத்துவிடலாம்.

சர் சி. வி. இராமன் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தமது கண்டுபிடிப்பை அடைந்ததன் நினைவாக, 1987 முதல் அந்நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று தலைமையாசிரியரின் இசைவு பெற்று ஆய்வுக்கூடத்துக்குச் சென்று வாருங்கள். உப்பளத் தொழிலாளர்கள் உப்புநீரின் ‘டிகிரி’ பார்க்கும் மிதவைக் கருவி அங்கும் இருப்பதைக் காண்பீர்கள். உழவர் மண் பரிசோதனைக்காகக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை நாடும்போது, அங்கே நடக்கும் சோதனைகளின் அரிச்சுவடியும் இச்சிறு அறையில்தான் இருக்கிறது.

நமக்கு வடக்கே கல்பாக்கத்தில் 1971-ஆம் ஆண்டு முதல் அணு ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. நம் பிள்ளைகள் அதன் வழியாகப் பேருந்தில் போகிறார்கள். அதன் உள்ளே சென்று பணிபுரியவும் வேண்டும் என்பது நமது ஆசை. அதற்கான வாயில் ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடமேயாகும்.

அன்று தண்ணீரைச் சோதித்துக் காட்டிய உதவியாளர், ஆசிரியரிடம், “இனி நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா” என்று மட்டுமே சொன்னார். ஆசிரியரும் அம்மாணவியை அழைத்து, “நீ கண்டதைத்தான் எழுதினாய், அம்மா” என்று தேற்றினார். அத்தகைய உதவியாளர் ஒவ்வொரு பள்ளியிலும் விளங்க வேண்டும். அவருக்குத் துணையாக ஒவ்வோர் ஊராட்சியும் நிற்க வேண்டும்.