டைட்டனின் வானமும் இறப்பர்ப் பாலும்

யட்டியாந்தோட்டையின் இறப்பர்த் தோட்டங்களில் மழை பெய்யும் காலைகளிற் பால்வெட்டு நடைபெறுவதில்லை. ஈரம் உலராத பட்டையில் வடியும் பால் சிரட்டையைச் சேராது மழைநீரோடு கலந்து வீணாகிவிடும் என்பதைத் தொழிலாளர் நன்கறிவர். வெயில் எறிக்கும் நாளிற் சிரட்டையில் வந்து சேரும் பாலிலே மிதக்கும் இறப்பரோ, காபன், ஐதரசன் என்னும் இரண்டே மூலகங்களின் அணுக்கள் ஆயிரக்கணக்கிற் கோவைப்பட்ட நீண்ட சங்கிலியாகும்.

காபன் அணுக்களைக் கோக்கும் வேலை மரத்துக்கு மட்டும் உரியதன்று. சனிக்கிரகத்தின் மிகப் பெரிய உபகிரகமாகிய டைட்டனின் வானத்திலும் அது நடைபெறுகின்றது. 1655ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் கண்ட அந்நிலவில் மெதேன் வாயு உண்டென 1944ஆம் ஆண்டில் ஜெரார்ட் கைப்பர் காட்டினார். அதன் வளிமண்டலத்திற் பெரும்பகுதி நைதரசனே. ஞாயிற்றின் கதிர்கள் மேல்வளியில் இவ்வாயுக்களைப் பிளக்க, சிதறிய துண்டுகள் புதிய சேர்வைகளாகி, செம்மஞ்சள் மூட்டமாக அந்நிலவைச் சூழ்கின்றன.

நூறு கோடி கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அவ்வாயுக்களை இனங்காண்பது எவ்வாறு? பல மூலக்கூறுகள் தம் சுழற்சி மாறும்போது தமக்கேயுரிய அலைநீளங்களில் வானொலி அலைகளை வெளிவிடுகின்றன. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி நிலையங்களைப் பிரித்தறிவது போல, ஆராய்ச்சியாளர் அலைகளைப் பிரித்து மூலக்கூறுகளை அறிகின்றனர். ஆயின் இவ்வலைகள் மில்லிமீற்றர் அளவினவாதலால் காற்றிலுள்ள நீராவி அவற்றை விழுங்கிவிடும். யட்டியாந்தோட்டை மழையைக் கடந்து பேச்சும் பாட்டும் வீட்டினுள் வந்து சேரும். டைட்டனின் செய்திக்கோ அந்த ஈரக்காற்றே திரையாகிவிடும். ஆகவேதான் தென்னமெரிக்காவிலே, சில்லி நாட்டின் வறண்ட அத்தக்காமா மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 5000 மீற்றர் உயரத்தில், 66 அலைவாங்கித் தட்டுக்களைக் கொண்ட அல்மா என்னும் வானொலித் தொலைகாட்டி நிறுவப்பட்டது.

அல்மா 2014ஆம் ஆண்டிற் பதிந்த அலைகளை ஆராய்ந்த மோரீன் பாமரும் அவருடைய துணைவர்களும், டைட்டனில் வைனைல் சயனைட்டு உண்டென 2017ஆம் ஆண்டில் உறுதிசெய்தனர். அதற்கு அக்கிரிலோநைத்திரைல் என்றும் பெயருண்டு. எண்ணெய் பட்டாலும் எளிதிற் கெடாத செயற்கை இறப்பரை ஆக்குவதற்கு ஆலைகள் பயன்படுத்தும் அதே பொருள் அது. மரமும் ஆலையும் இல்லாத வானில் அது தானே விளைகின்றது!

இப்பொருளின் மூலக்கூறுகள், டைட்டனின் குளிர்ந்த திரவ மெதேனில், உயிரணுவைச் சூழும் மென்சவ்வு போன்ற உறையாகக் கூடலாம் என்று அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டிற் கணித்திருந்தனர். ஆனால் 2020ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் செய்த கணிப்பு வேறாக அமைந்தது. அத்தகைய சவ்வு தானாக உருவாகாது. அம்மூலக்கூறுகள் உறைந்து பளிங்காவதே இயல்பு என்றனர் அவர்கள்.

சிரட்டையிற் பால் நிறைவது ஒன்று. அது திரண்டு, உருளையில் நசுங்கி, புகையில் உலர்ந்து இறப்பர்த் தாளாவது வேறொன்று. டைட்டனில் மூலப்பொருள் உண்டு என்பதில் ஐயமில்லை. அது உயிரை நோக்கித் திரண்டதா என்பதற்கு விடை இன்னும் கிட்டவில்லை. 2028ஆம் ஆண்டில் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள 'டிராகன்பிளை' என்னும் பறக்கும் கலம் அந்நிலத்தில் இறங்கி, அங்கு படிந்துள்ள பொருள்களைச் சோதிக்கவிருக்கின்றது. பொருளைக் கண்டது உயிரைக் கண்டதாகாது என்னும் நிதானத்தை அதுவரை கைவிடாதிருப்பதே அறிவியலின் நெறி.