வளர்ப்பு நாயும் வளவு வேலியும்

வீட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். காலையில் ஒரு பிடி சோறு இடுகின்றோம். இரவில் அது குரைத்துக் காவல் புரியும் என எதிர்பார்க்கின்றோம். இடைப்பட்ட பொழுதில் அது எங்கே திரிகின்றது, யாருடைய வளவில் நுழைகின்றது, எந்தத் தெருவைக் கடக்கின்றது என்பனவற்றை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. அலையும் நாயை வளவுக்குள் தீங்கின்றி வைத்திருப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சில காலத்திற்கு முன், எமது பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனை ஒழுங்கையில் ஒரு நாய் கடித்தது. கடித்த நாய் ஓடி மறைந்தது. அயலில் நாய் வளர்ப்போர் அனைவரையும் வினவினோம். “எங்கள் நாய் ஒருநாளும் கடியாது” என்பதே வீடுதோறும் கிடைத்த விடை. கடித்த நாய் இன்னதென அறிந்திருந்தால், அதனைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கண்காணித்திருக்கலாம். அது இயலாமற் போகவே, சிறுவனைத் தடுப்பூசிக்காகப் பன்முறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அந்நாள்களில் அவன் தாய் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று.

விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் அதிலிருந்து பிழைத்தல் மிக மிக அரிது. இதன் கொடுமையை உணர்ந்தே, இந்நாட்டில் 1893ஆம் ஆண்டில் விசர்நோய் பற்றியும், 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவுசெய்தல் பற்றியும் கட்டளைச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. எனினும் சட்டம் நம் படலையை வந்து சாத்தமாட்டாது. அதனைச் சாத்த வேண்டியவர் நாமே.

நாய் ஏன் அலைகின்றது? காரணங்கள் சிலவே. முதலாவது, இனச்சேர்க்கை நாட்டம். பெண்நாய் பெரும்பாலும் ஆண்டில் இருமுறை பருவமடையும்; அந்நிலை ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். அதன் மணத்தைத் தொலைவிலிருந்தே அறிந்து ஆண்நாய்கள் வேலி கடந்து ஓடும். இரண்டாவது, பசி. மூன்றாவது, தனிமையும் செயலின்மையும். நான்காவது, வெடியோசை முதலியவற்றால் உண்டாகும் அச்சம். காரணத்தை அறியாது வேலியை மட்டும் உயர்த்துவதாற் பயனில்லை.

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது முதற் காரணத்தைப் பெரிதும் நீக்கும். குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுவரும் இரக்கமற்ற செயலுக்கும் அதனால் இடமிராது. மிருகவைத்தியரை நாடினால் வேண்டிய ஆலோசனை கிடைக்கும். குறித்த நேரத்தில் உணவிடுவதும், காலையும் மாலையும் கழுத்துப் பட்டியுடன் சிறிது தூரம் நடத்திச் செல்வதும் மற்றைக் காரணங்களைக் குறைக்கும். வெடி கொளுத்தும் பண்டிகை நாள்களில் அதனை வீட்டினுள் வைத்திருத்தல் நன்று.

இனி வேலியைப் பார்ப்போம். கிளுவைக் கதியாலும் கிடுகும் கொண்ட வேலியில் நாய் முதலில் தேடுவது பொட்டையே. தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, அடிப்பகுதியை நோக்குங்கள். பொட்டைக் கிடுகினால் மறைத்தல் போதாது, கம்பிவலை கட்டுங்கள். மண்ணைத் தோண்டி வெளியேறும் நாயாயின், வலையின் கீழ்ப்பகுதியை வளவின் உட்புறமாக மடித்து, ஓரிரண்டு அடி அகலத்திற்கு நிலத்திற் பதித்து, மேலே கல் அடுக்குங்கள். தோண்டுமிடத்தில் வலை தடுப்பதை அறிந்த நாய் அம்முயற்சியைப் பெரும்பாலும் கைவிடும். முட்கம்பி மட்டும் கட்டுவது நாயைத் தடுக்காது, காயப்படுத்தவே செய்யும்.

படலையைத் திறந்துவிட்டுச் செல்வோர் வீட்டிலேயே உளர். படலையிற் கயிறு பிணைத்து, ஒரு கப்பியின் வழியாகக் கல்லொன்றைத் தொங்கவிட்டால், திறந்த படலை தானே சாத்திக்கொள்ளும். செலவு சிறிது, பயன் பெரிது.

வேலியில்லாத வளவினர் என் செய்வது? இரு மரங்களுக்கிடையே தடித்த கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்திற் சங்கிலியைப் பிணையுங்கள். நாய் அங்குமிங்கும் உலாவலாம். ஆயின் சில எச்சரிக்கைகள் உள. சங்கிலி மரத்தைச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பியின் இரு முனையிலும் தடை வைத்தல் வேண்டும். சங்கிலி வேலியையோ மதிலையோ கிணற்றையோ எட்டலாகாது. எட்டினால், பாய்ந்த நாய் தூங்கி இறக்கும். கழுத்திற் சுருக்குக் கயிறு கூடவே கூடாது. இரு விரல் நுழையும் தளர்வுடைய பட்டியே தகும். நிழலும் நீரும் அருகில் இருத்தல் வேண்டும். இதனையும் நாள் முழுவதும் செய்யலாகாது. இடைவிடாது கட்டுண்ட நாய் மூர்க்கம் கொள்ளும்.

மற்றொன்றும் கூற வேண்டும். ஓடித் திரும்பிய நாயை அடித்தல் பெருந்தவறு. ஓடியதற்காக அடி விழுந்ததென அது உணராது. வீடு வந்தமைக்காக விழுந்ததென்றே கொள்ளும். அடுத்தமுறை திரும்பி வரவே அஞ்சும். பெயர் சொல்லி அழைத்ததும் வந்தால், தட்டிக்கொடுத்துச் சிறிது உணவு கொடுங்கள்.

எத்துணைக் காவல் செய்யினும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஆண்டுதோறும் நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி இடுவித்து, அதற்குரிய அட்டையைப் பேணிவையுங்கள். எவரையேனும் நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கோப்பித் தூள், மஞ்சள் முதலியன பூசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் உடன்படவில்லை என்று பாரதம் கூறும். நம்மை நம்பி நம் முற்றத்திற் படுத்திருக்கும் உயிருக்கு நாம் செய்யவேண்டியது அத்துணைப் பெரிய தியாகமன்று. ஒரு முழக் கம்பிவலையும், சாத்திய படலையும், ஆண்டுக்கொரு தடுப்பூசியுமே அது கேட்பன. அவற்றைச் செய்தால், நம் நாயும் நெடுநாள் வாழும். அயலார் பிள்ளையும் அச்சமின்றிப் பாடசாலைக்குச் செல்வான்.