ஓத ஓத ஓயும் அச்சம்

சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கையார் திலகவதியார் தந்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்தில் பதிகம் பாடி நோய் நீங்கப்பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. வழிபாடு உடலையும் தொடும் என்பதை மருத்துவ ஆய்வுகளும் காட்டுகின்றன.

2001ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர்கள் 23 பேரைச் செபமாலையும் மந்திரமும் ஓதச் செய்தனர். மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பாற்றல் மிகுந்தது. 2011ஆம் ஆண்டு வெளிவந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வில், ஓங்காரம் ஓதிய 12 பேரின் மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதிகள் அடங்கியிருந்தன. சிறிய ஆய்வுகளே எனினும் காரணம் விளங்குகிறது: நீட்டி ஓதும்போது மூச்சு தானே நீள்கிறது, மூச்சு நீள, நெஞ்சின் படபடப்புத் தணிகிறது.

சிக்கிய பட்டிழையைப் பதறி இழுத்தால் அறும், நிதானித்தால் பிரியும். இதனை வெம்பாக்கத்து நெசவாளர்க்கு எவரும் சொல்லவேண்டுவதில்லை. மனமும் அத்தகையதே. தறியில் அமருமுன் சிறிது நேரம் திருவைந்தெழுத்தை நிதானமாக ஓதுக.

ஆயினும், "திருநீறு இருக்க மாத்திரை எதற்கு?" என்று மருந்தை நிறுத்துவது பக்தியன்று. வைத்தியநாதன் என்பதும் அவன் திருநாமமே. மருந்தும் அவன் அருளே. அதனை அஞ்சாது உண்ணும் மனத்தை வழிபாடு தரும்.

திருச்சிற்றம்பலம்.