கூகுளில் உங்கள் பெயர்

1998-ல் ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்ன அறிவிப்பு: கடன் பாக்கிக்காக ஒருவருடைய சொத்து ஏலத்துக்கு வருகிறது. அந்த விவகாரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் பல வருஷம் கழித்தும், கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் அந்த ஏலச் செய்திதான் வந்து நிற்கிறது!

மனிதர் விடவில்லை, புகார் கொடுத்தார்; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: காலாவதியான, பொருத்தமில்லாத இணைப்புகளைத் தேடலிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், மறக்கச் சொல்லிக் கேட்ட அவரைத்தான் இன்றைக்குச் சட்ட மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.

வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் பெயரையும் ஆள் எடுக்கும் அதிகாரி இப்படித் தேடிப் பார்க்கலாம்; அதற்காகக் கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம். லாக்-இன் செய்யாமல் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கல்லூரி நாளில் கோபத்தில் எழுதிய பதிவு கிடைத்தால் அழித்துவிடுங்கள். யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, இனிஷியல். சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', லிங்க்ட்இன்னில் 'கார்த்திக் சுந்தரம்', ஃபேஸ்புக்கில் 'கார்த்தி கிங்'. தேடுகிற அதிகாரிக்கு எந்தக் கார்த்திக் என்று எப்படித் தெரியும்? வேறொரு கார்த்திக்கின் வம்பு உங்கள் கணக்கில் ஏறிவிடலாம். விண்ணப்பத்தில் இருக்கும் பெயரையே லிங்க்ட்இன்னிலும் வைத்து, தெளிவான படம் ஒன்றும் போட்டுவிடுங்கள். இன்றைக்கே செய்யலாம், பத்து நிமிஷ வேலைதான்.